ஆம்னியில் பாதி

பந்தல் சாமான் தைரியநாதனுக்கு.
நாற்காலி, மேஜை, சீரியல் லைட்டு எனக்கு.
ஜெனரேட்டரை விற்றுக் காசைப் பிரித்தோம்.
வேனைத்தான்
நடுவில் அறுக்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மாடல்.
நீடாமங்கலம் கேட்டில் நின்றே
பாதி ஆயுசு போன வண்டி.
திங்கள் முதல் புதன்வரை அவன்,
வியாழன் முதல் சனிவரை நான்,
ஞாயிறு யாருக்கு முகூர்த்தமோ அவருக்கு.
சாவி டீக்கடை ஆணியில் தொங்கும்.
பேச்சு இல்லை.
வலங்கைமான் கல்யாணத்தில்
முப்பத்தொரு நாற்காலி குறைந்தது, அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு.
செலவழித்தவன் எழுத வேண்டும்,
மற்றவன் பாதியை
சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும்.

"இன்சூரன்ஸ் 14,200. உன் பாதி 7,100."
அவன் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.
"வைத்தாயிற்று."
என் எழுத்து அதைவிட மோசம்.

"எஃப்.சி., பெயின்ட், ஸ்டிக்கர், புரோக்கர்
எல்லாம் சேர்த்து 9,500."
"புரோக்கருக்கு இவ்வளவா?"
"அடுத்த வருஷம் நீயே போய் நில்லு."

சித்திரையில் கிளட்ச் போனது.
கொரடாச்சேரி தாண்டி, நடு வெயிலில்,
மேலே இருநூறு நாற்காலி.
மாப்பிள்ளை வீட்டார் ஏழு முறை போன் செய்தார்கள்.
நோட்டில் நான் எழுதியது:
"கிளட்ச் பிளேட் 5,300."
வெயிலுக்குக் காலம் போட்டுக் கணக்கு எழுத முடியாது.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, வண்டி நின்றது.
நின்றால் செலவில்லை என்று
நினைத்துக்கொண்டிருந்தோம்.
"பேட்டரி 4,100."
ஓடினால் டயர் தேயும்,
நின்றால் பேட்டரி சாகும்.
டயரும் பின்னாலேயே வந்தது:
பழைய டயர் இரண்டு, 3,600.
பஞ்சர் எட்டு, 1,200.
சைலன்சர் ஓட்டைக்கு 1,400.
அந்த ஓட்டையோடு பத்து நாள் ஓட்டினான் அவன்.
வருகிறான் என்று
மூன்று தெரு முன்னாலேயே தெரியும் எனக்கு.

ஐப்பசி மழையில்
கால் வைக்கும் இடத்தில் தகரம் பெயர்ந்தது.
பிரேக்குக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால்
கோரையாற்றுப் பாலத்தின் தார்.
"அடித்தட்டு வெல்டிங் 6,000.
கால் ஜாக்கிரதை" என்று எழுதினேன்.
எழுதிய பிறகு
இரண்டாவது வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன்.
அடிக்கவில்லை.

எங்கள் ஊரில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
ஷட்டர் உண்டு, அளவுகோல் உண்டு,
எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று
பார்த்துத் திறக்க ஆள் உண்டு.
எங்களுக்கு
இந்த நோட்டுதான்.

மார்கழியில் கூட்டிப் பார்த்தேன்.
நாற்பத்தைந்தாயிரத்து முந்நூறு.
பெட்ரோல் இதில் சேர்த்தி இல்லை.
அதே வாரம் கூத்தாநல்லூர் ஜெகபர்
வண்டியைச் சுற்றி வந்து,
கதவை இரண்டு தரம் தட்டிவிட்டு,
நாற்பதுக்கு மேல் தேறாது என்றார்.
வண்டியின் விலையைவிட
ஐயாயிரத்து முந்நூறு அதிகம்
அதைக் காப்பாற்றிய செலவு.

நோட்டில் எழுதினேன்:
"ஜெகபர் நாற்பது சொல்கிறார்.
ஆளுக்கு இருபது. என்ன சொல்கிறாய்?"
அந்த நோட்டில்
காசு கேட்காத முதல் கேள்வி அது.
இல்லை, அதுவும் காசுதான்.

ஒரு வாரம் பதில் இல்லை.
அடுத்த வாரமும்
என் எழுத்துக்குக் கீழே வெள்ளைத்தாள்.

மூன்றாவது வியாழன் விடியற்காலை,
பனி, எதிரே லாரி வந்தாலும் தெரியாது.
சாவியை எடுத்து ஏறி உட்கார்ந்தேன்.
அவன் ஆறடி.
அவன் ஓட்டிய மறுநாளெல்லாம்
சீட்டை முன்னால் இழுத்தால்தான்
எனக்கு கிளட்ச் எட்டும்.
அன்று எட்டியது.

நோட்டைத் திறந்தேன்.
"வைப்பர் பிளேடு 180.
பனி நேரம். பாதி வேண்டாம்."
விற்பதைப் பற்றி ஒன்றுமில்லை.

வைப்பரைப் போட்டேன்.
இடது பக்கம் நன்றாகத் துடைத்தது,
வலது பக்கம் ஒரு கோடு விட்டது.
தொண்ணூறு ரூபாயை எண்ணி
சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு
கியரைப் போட்டேன்.
கேட் மூடியிருந்தது.