பெட்டி எண் ஆறு

இசிப்பிங்கோவில்
பெயின்ட் தொழிற்சாலைக்கும் விரைவுச் சாலைக்கும் நடுவே
முழங்கால் ஆழத்தில் ஒரு சதுப்பு.
முன்பு கரும்பு. அதற்கும் முன்பு சதுப்பு.
நீர் வடிய வெட்டிய வாய்க்கால்களை
நான்கு வருடமாக அடைத்துக்கொண்டிருக்கிறோம்.
வெட்டியவர்களில் என் வீட்டாரும் இருந்திருக்கலாம்,
கூலிக் கணக்கில் அந்தப் பக்கம் கரையான் தின்றது.
எனக்கு மாதச் சம்பளம், ரப்பர் பூட்ஸ்.

கோரை நட்டோம். கோரை வந்தது.
கோரைக்குள் யார் வந்தார் என்று கேட்கத்தான்
கம்பத்தில் கட்டியது பச்சைப் பெட்டி.
இருட்டியதும் அரை மணிக்கொரு தரம் விழிக்கும்,
ஐந்து நிமிடம் கேட்கும்,
தூங்கும்.

நாங்கள் தேடுவது கட்டைவிரல் நுனியளவு தவளை.
பிக்கர்ஸ்கில் நாணல் தவளை என்று படிவத்தில் பெயர்.
அடுத்த அறையில் யாரோ
பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல் குரல்.
மற்றவை எல்லாம் விசிலடிக்கும் சாதி.
ஆயிரம் விசிலுக்கு நடுவே ஒரு கடிகாரச் சாவி.

மூன்று மழைக்காலம் ஹெட்போனோடு உட்கார்ந்தேன்.
லாரி பின்னால் நகரும் பீப் பீப்.
மின்வெட்டு வந்ததும் வரிசையாக எழும் ஜெனரேட்டர்கள்.
தைப்பூசத்துக்கு முந்தைய ராத்திரி உறுமி.
ஆற்றங்கரையில் வெள்ளாடைச் சபை விடியவிடியப் பாடியது.
யாரோ ஒரு பெண் போனில்,
'வேலையில்தான் இருக்கிறேன்' என்று அழுகையை மறைத்தது.
அதை அழித்துவிட்டேன்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

தவளை இல்லை.
'இல்லை' என்று எழுதக் கூடாது,
'கேட்கவில்லை' என்று எழுது:
லுங்கெலோ மாதாமாதம் திருத்துவான்.

பிப்ரவரியில் ஆறாம் பெட்டி காணோம்.
இரண்டு நாள் கழித்துச் சேற்றில் கிடைத்தது,
மூடி திறந்து, பேட்டரி நான்கும் போய்.
மெமரி கார்டு அப்படியே இருந்தது.
தவளைச் சத்தத்தை யார் வாங்குவார்?

கடைசிப் பதிவு, இரவு ஒன்றரை.
முதலில் விசில்கள், காதைத் துளைத்துக்கொண்டு.
பிறகு சளக்.
சளக்.
விசில்கள் ஒவ்வொன்றாய் அறுந்தன,
சதுப்பு முழுக்க வாயை மூடிக்கொண்டது.
அவன் கம்பத்தருகே வந்துவிட்டான்.
சாலையில் ரோந்து வண்டி மெதுவாகப் போகிறது.
அசையாமல் நிற்கிறான்.
ஒரு இருமலை விழுங்குகிறான், விழுங்குவது கேட்கிறது.
மூச்சு.
மூச்சு.
அப்போது
அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் எங்கோ
கடிகாரத்துக்குச் சாவி.
க்ரிக்.
க்ரிக் க்ரிக்.

விசில்காரர்களுக்குத் தைரியம் திரும்பும்வரை
நாற்பது விநாடி
அது ஒன்றுதான் பேசியது.
பிறகு பிளாஸ்டிக்கை நகம் சுரண்டும் ஓசை.
பிறகு பதிவு இல்லை.

பதினோரு தடவை கேட்டேன்.
லுங்கெலோவை எழுப்பி, போனில் கேட்க வைத்தேன்.
'இசெலே' என்றான் தூக்கத்தில். தவளை.
அப்புறம் முழுசாக விழித்துக்கொண்டு, 'அதுவா?' என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.
பாம்பின் பக்கம் உட்கார்ந்து சொன்ன பழமொழி.
இந்த நுணல் வாயைத் திறந்ததில்
இங்கே லாரி நிறுத்தத் திடல் கேட்ட மனு
மறு ஆய்வுக்குப் போயிருக்கிறது.
போயிருக்கிறது, அவ்வளவுதான்.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
பதிவின்போது உடனிருந்தவர்.
வழக்கமாகக் கோடு போடுவேன்.
இம்முறை 'ஒருவர்' என்று எழுதினேன்.
பெயர் தெரியாது. இருமல் உண்டு.
அவன் வராதிருந்தால் விசில்கள் நின்றிருக்காது,
அவன் கையிலிருந்த அந்த நான்கு பேட்டரி
இந்நேரம் எந்த டார்ச்சில் தீர்ந்துகொண்டிருக்கிறதோ.

புதுப் பேட்டரி போட்டுக் கட்டியாயிற்று.
இந்தத் தடவை பூட்டு வாங்கலாமா என்று
லுங்கெலோ கேட்டு ஒரு வாரம் ஆகிறது.
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.