திரிசூலத்தில் பன்னிரண்டு போல்ட்

பாறைக்கு இது முதல் விளம்பரம் அல்ல.
மூலம் பௌத்திரம் ஒரே ஊசியில் குணம்,
தாம்பரம் டாக்டர், நீல பெயின்ட்.
அதற்கு மேல் இயேசு வருகிறார்.
அதற்கும் மேல்,
எப்படி ஏறினான் என்று இன்றுவரை எங்களுக்குப் பிடிபடாத உயரத்தில்
ஒரு கட்சிக்காரன் வரைந்த பாதிச் சின்னம்.
மீதியை வரையுமுன் கூட்டணி மாறியிருக்கும்.

திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி
ரன்வேக்கு முதுகைக் காட்டி நடந்தால்
வேலிக்காத்தான்,
உடைந்த குவார்ட்டர் பாட்டில்,
பச்சைத் தண்ணீர் தேங்கிய குவாரிப் பள்ளம்,
'இங்கு குளிக்காதீர்' பலகையில் காயும் யாரோ ஒருவன் ஜட்டி.
பள்ளத்தின் கிழக்கே எங்கள் சுவர்.

பதினோரு வருஷம், ஞாயிறுதோறும்,
நானும் தௌஃபீக்கும்,
பெங்களூரில் எவரோ கழித்துப்போட்ட கயிறும்.
மேல என்னண்ணே இருக்கு என்பார்கள் பையன்கள்.
ஒன்றுமில்லை.
இறங்கும் விமானத்தின் முதுகு தெரியும், அவ்வளவுதான்.

இந்த ஜனவரியில் ஷூ கம்பெனி வந்தது.
'உன் ஊர்ப் பாறை, உன் உயரம்.'
மார்க்கெட்டிங் பாஃப்னா நல்ல பையன்,
காது சிவந்தும் தொப்பி வாங்க மறுத்தவன்,
புறக்கணிக்கப்பட்ட பாறை என்று மூன்று முறை சொன்னான்.
தௌஃபீக் என்னைப் பார்த்தான்.
யாரால் என்று நாங்கள் கேட்கவில்லை.
நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, மதியம் பிரியாணி.

நாற்பத்தோரு சாக்குக் குப்பை.
பன்னிரண்டு போல்ட்.
டிரில் பிட் மூன்று முறிந்தது.
கல் அப்படி.
கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரனின் சமாதிமேல் கிடந்தபோதுதான்
உலகம் இதற்கு ஒரு பெயர் வைத்தது.
சுவரோரம் குவாரிக்காரர்கள் வெடிக்குத் துளைத்த துளைகள்
இன்னும் வரிசை கலையாமல் இருக்கின்றன,
ஒவ்வொன்றிலும் குளவி.
அந்தத் துளை கல்லைப் பெயர்க்க,
இந்தத் துளை ஆளைத் தாங்க,
என்று கேமராவில் ஒரு வரி சொன்னேன்.
வெட்டிவிட்டார்கள்.

பாதைகளுக்குப் பெயர் கம்பெனி வைத்தது.
'பல்லி' எலிவேட் ஆனது.
'கரண்ட் பில்' (போன தடவையைவிட
இந்தத் தடவை எட்டாது, அதனால் அந்தப் பெயர்)
அல்டிமேட் ஆனது.

விழா அன்று இருநூறு டி-ஷர்ட்,
எல்லாம் எக்ஸ்எல்.
ஏர்போர்ட் பக்கத்தில் டிரோன் விட்டால் யார் வருவார்கள்
என்பது பாஃப்னாவுக்கு அரை மணியில் தெரிந்தது.
ஆனாலும் பம்மல் பையன்கள் ஏறினார்கள்.
ஒருத்தி உச்சியில் உட்கார்ந்து
இறங்கமாட்டேன் என்றாள்,
கீழே அம்மா கத்தக் கத்த.
அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காக
நான் கம்பெனியை மன்னித்தேன்.

மார்ச்சில் பட்ஜெட் மூடியது.
பேனர் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையானது.
பாஃப்னா எண்ணெய்க் கம்பெனிக்கு மாறினான்,
சமையல் எண்ணெய்.

போன செவ்வாய், லீவு, தனியாகப் போனேன்.
கரண்ட் பில்லின் முதல் போல்ட்டிலிருந்து
வேலிக்காத்தானுக்கு நைலான் கொடி.
பாவாடைகள், ஸ்கூல் யூனிஃபார்ம், ஒரு பெட்ஷீட்.
இது உங்க கொக்கியாண்ணா, என்றாள் அமுலு,
கீழ் வரிசை வீடு, பக்கெட் இடுப்பில்.
கம்பெனிக் கொக்கி என்றேன்.
தரையிலிருந்து ஒன்பதடி.
அந்த முதல் ஒன்பதடியில் நான் விழுந்தது மூன்று மாசம்.

எப்படிக் கட்டுன?
ஏறித்தான்.
எந்தக் கால் முதல்ல?
காலை யாருண்ணா பாத்தா, துணி ஈரமா இருக்கு.

பக்கெட்டை வைத்தாள்,
அவிழ்ந்த முடிச்சை இறுக்கப் போனாள்.
செருப்பில்லை, சாக்பீஸ் தூளில்லை.
இடது முழங்காலைக் கல்லில் மடக்கி ஊன்றி
(முழங்கால்! எந்தப் பயிற்சியிலும் அதை அடிப்பார்கள்)
கை எட்டிவிட்டது.
இறங்கி, பாவாடையைத் தட்டிக்கொண்டு,
நாலு விரக்கடை மேல இன்னொண்ணு அடிச்சுக் குடுங்கண்ணா,
பெட்ஷீட்டு தரையில படுது, என்றாள்.

விமானம் ஒன்று இறங்கியது.
என்ன பதில் சொன்னேனோ,
அவள் சரி என்று தலையாட்டினாள்.