பதினான்காம் அறையின் தண்ணீர்

லாட்ஜுக்கும் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கும் நடுவே
மூன்றடி இடைவெளி.
வெயில் அங்கே வருவது
பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டேகால் வரை,
அதுவும் சுவரைத் தடவிவிட்டுப் போய்விடும்.
வேலூரில் இப்படியொரு நிழல் கிடைத்தால்
யாரும் செடி வைக்கமாட்டார்கள்,
பைக் நிறுத்துவார்கள்.

காலிம்போங்கிலிருந்து வந்தவள், ஓங்மூ.
ரிஜிஸ்டரில் இரண்டு பேர்: அவள், அவள் தம்பி.
ஐந்து மாதம் பதினான்காம் அறை.
காலி செய்த அன்று சாவியோடு ஒரு தயிர் டப்பாவையும்
மேஜைமேல் வைத்தாள்.
தம்பி பார்க்கட்டுமென்று அம்மா
ரயிலில் கொடுத்தனுப்பிய வேராம்.
கையில் ஒரு டிக்கெட்தான் இருந்தது.
நான் பில்லை எழுதினேன்.

அவள் இந்தி எனக்குப் பாதி,
என் இந்தி அவளுக்குக் கால்.
விதை எப்படி இருக்கும் என்றேன்.
ஐந்து விரலையும் குவித்துக் கொக்கு மூக்காக்கி
படக்கென்று விரித்தாள்.
தெறித்துவிடுமாம்.

சத்துவாச்சாரி நர்சரி எத்திராஜ்
'ஜெரேனியமா? வெயில்ல வைக்கணும்க்கா, சிவப்பா பூக்கும்' என்று
வேறு எதையோ காட்டினார்.
அதில்லை, இது காட்டில் மரத்தடியில் படர்வது என்றேன்.
இலையைக் கிள்ளி முகர்ந்தார்.
'நம்மூருக்கு ஆகாது.'
உரம் விற்கப் பார்க்காததற்காக
அவரை எனக்குப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி வளாகம் கூட்டும் ரோசலின்
இரண்டு சாக்குப் புங்கஞ்சருகு தந்தாள்.
மக்கவிட்டு, மண்ணில் கலந்து,
பதினான்காம் அறை ஏசியின் குழாய் சொட்டும் இடத்தில்
வைத்தேன்.

மே மாதம் இலை விளிம்பு சிவந்தது,
சுருண்டது, காணாமல் போனது.
வெறும் தரையைக் காவல் காத்தேன்.
அறை காலியாக இருந்த மத்தியானங்களில்
ஆளில்லாத கட்டிலுக்கு ஏசி போட்டுவிட்டுப் போய்
சொட்டுகிறதா என்று பார்ப்பேன்.
கரண்ட் பில்லைப் பார்த்த ஓனர்
மெக்கானிக்கை வரச் சொன்னார்.
அவன் ஏசியைக் கழற்றித் துடைத்து மாட்டி
ஐந்நூறு வாங்கிக்கொண்டு போனான்.
நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்காமல்.

ஜூலையில் ஓர் இரவு நல்ல மழை.
மூன்றாம் நாள் சருகைத் தள்ளிக்கொண்டு
மடித்த விசிறிபோல ஓர் இலை,
நகத்தளவு.

படமெடுத்து ஓங்மூவுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.
நான்கு நாள் கழித்துப் பதில்:
'தண்ணீரைக் குறை.'
வேறு ஒன்றும் இல்லை.

இது மூன்றாவது வருஷம். இன்னும் பூக்கவில்லை.
இப்போது பதினான்கில் மால்டாவிலிருந்து ஒரு தம்பதி.
ஊசி போட்ட உடம்பு, அவருக்குக் குளிர்கிறதாம்,
ஏசி வேண்டாம், ஃபேன் போதும் என்கிறார் மனைவி.
வாடகையில் இருநூறு குறைத்து எழுதிவிட்டு
பின்பக்கம் போனேன்,
பாதி மக் தண்ணீரோடு.
பாதிதான்.