ஐந்நூற்றுப் பன்னிரண்டு

நாற்பத்தைந்து ராண்டுக்கு ஒரு காது வாங்கி வந்தேன்.
தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத சிவப்பு அட்டை,
நுனியில் தகர மூடி போட்ட மைக்,
நடுவில் நீலப் பெட்டி, அதன் தலையில் பித்தளைத் திருகு,
நான்கு கால்.

செருப்பு ஆலையின் அழுத்து எந்திரம்
பத்தொன்பது வருடச் சம்பளத்திலிருந்து
என் இடக்காதை முழுசாகவும்
வலக்காதைப் பாதியாகவும் பிடித்துக்கொண்டது.
மிச்சமிருக்கும் பாதியில்
வெஸ்ட்கிளிஃப் தெருக்கள் எல்லாம்
போர்வைக்குள்ளிருந்து பேசுகின்றன.

வாங்கியது சுகர் பீன்ஸுக்காகத்தான்.
குக்கர் எத்தனை விசில் போட்டதென்று தெரியாமல்
மூன்று தடவை கருக்கிவிட்டேன்.
தவனேசன் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னாரோ என்னவோ.

முதலில் டிஜிட்டல் காலில் கம்பியைச் செருகினேன்.
அதற்குத் தெரிந்தது இரண்டே சொல்: உண்டு, இல்லை.
விசிலுக்கு உண்டு என்றது.
விடியுமுன் கூரையில் இறங்கிய ஹடீடாக்களுக்கும்
உண்டு, உண்டு, உண்டு.
பச்சை விளக்கு கண்சிமிட்டியதைப் பார்த்து
அடுப்பே பற்றவைக்காத வீட்டில்
குக்கரை இறக்க ஓடினேன்.
திருகை ஒரு பக்கம் திருப்பினால் ஊரே ஊமை.
மறுபக்கம் திருப்பினால் என் வளையல்கூட விசில்.

பிறகுதான் அனலாக் கால்.
திரையில் எண்கள் எறும்பு வரிசையாக இறங்கின.
அமைதி என்றால் பூஜ்யம் என்றிருந்தேன்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டாம்.
ஆயிரத்து இருபத்துமூன்று படி ஏணியில்
நடுப்படியில் உட்கார்ந்து காலாட்டுகிறது அமைதி.
ஏதாவது கேட்டால் மேலே ஓடுகிறது, உடனே கீழே,
திரும்ப மேலே.
இரண்டு காதும் இருந்தபோது
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐம்பது மில்லிவினாடிக்கு ஒருமுறை
உச்சத்திலிருந்து பள்ளத்தைக் கழித்தேன்.
குக்கர், முந்நூற்று எண்பது.
ஹடீடா, நானூற்றுப் பத்து, கர்வத்தோடு.
மின்வெட்டில் மோகாம்பரி வீட்டு ஜெனரேட்டர்,
இருநூற்று அறுபது, இரண்டரை மணி நேரம்.
வெறும் வீடு, நான்கு.
ஃபிரிட்ஜ் ஓடினால் ஆறு.

செவ்வாய் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
லேப்டாப் ஜன்னல் விளிம்பில்.
அவர் எனக்குப் பின்னால், மேசையில், தேநீரோடு.
குழாயை மூடினேன்.
நான்கு. நான்கு. ஆறு.
பதினொன்று. பதினான்கு. ஒன்பது. பதின்மூன்று.
நான்கு.
பன்னிரண்டு.

குழாய் சொட்டவில்லை.
தெருவில் டாக்சி இல்லை.
இருட்டிய ஜன்னல் கண்ணாடியில்
அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது,
கண் கப்புக்குள்.

புதனன்று பதினைந்து வரை போனது.
வியாழன் நைட் ஷிஃப்ட்.
வெள்ளி, ஒன்பது ஒன்பதாக வெகுநேரம்.
என்ன பேச்சென்று அட்டைக்குத் தெரியாது,
அதற்கு வசவும் தேவாரமும் ஒரே ஏணி.
திரும்பினால் நிறுத்திவிடுவார்.
கழுவிய தட்டையே கழுவிக்கொண்டு
என் வீட்டுக்காரரை
எண்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நிரலைத் திறந்து
முந்நூற்றைம்பது என்றிருந்த வரம்பை அழித்து
எட்டு என்று எழுதினேன்.

இப்போது அந்த விளக்குக்கு ஓய்வே இல்லை.
மழைக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு, ஸ்பூனுக்கு,
மேட்டில் கியர் மாற்றும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும்.
இந்த மனுஷர் ஒருவரைக் கேட்க
தெருவையே உள்ளே கூப்பிட வேண்டியிருக்கிறது.
இதில் விசிலை யார் எண்ணுவது?
ஞாயிறு, சுகர் பீன்ஸ் நான்காம் தடவை கருகியது.

என் முகத்துக்கு நேரே வந்து
உதடு தெளிவாகத் தெரியும்படி
ஏதோ தீய்கிறது என்றார்.

தீயட்டும் என்றேன்.
அடுப்பை அணைத்தேன், ஃபிரிட்ஜையும்.
நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு
கப்பிடம் சொன்னதை எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

விளக்கு எரியவில்லை.
நான்கு. நான்கு. மூன்று.
நான்கு.

எரிந்தது.