பதினாலு விநாடி

கச்சான் விதைக்கு இருபதாயிரம்.
முத்தையன்கட்டு வாய்க்காலில் தண்ணி திறந்து
நாலாம் நாள். விதை இல்லை.
போனில் கேட்டேன், போனே தந்தது.
ஐந்து முறை 'சரி' அமத்தச் சொன்னது,
அமத்தினேன்.
எத்தனை படிவம் நிரப்பின கை.
நெஞ்சில் இலக்கப் பலகை பிடித்து
நின்று படமெடுத்த உடம்பு.
இது அப்படியில்லை. சிரித்த முகம் ஒன்று வந்து
'நன்றி தவமலர்' என்றது.
எந்தக் கந்தோரும் எனக்கு
நன்றி சொன்னதில்லை.

பன்றி பாதி கிண்டிற்று.
மிச்சத்தை மழை.

தவணை தப்பி மூன்றாம் நாள்
ஒரு பிள்ளை எடுத்தாள், வவுனியாப் பேச்சு,
பிரவீணாவாம்.
என் போனில் உள்ள பேர்களை
எனக்கே வாசித்தாள்,
இடாப்புக் கூப்பிடுகிற ரீச்சர் மாதிரி.
பாம்புக்கடி ஐயா.
யானைவெடி கந்தோர்.
புளியங்குளம் கச்சான் முதலாளி.
சீட்டு ராசாத்தி.
எடுக்காதே.
"அது ஆரக்கா, எடுக்காதே?"
என் மச்சாள்.
இனி அவளுக்கும் தெரியும்
நான் வைத்த பேர்.

எல்லாருக்கும் எடுத்திருக்கிறார்கள்.
கிணறு இறைக்க வந்தவன் கேட்டான்.
பாண் வாங்கின கடையில்
மிச்சக்காசை எண்ணித் தந்தபடி கேட்டார்கள்.
"மாசம் மாசம் முல்லைத்தீவுக்குப் போய்வர
பஸ்ஸுக்குக் காசிருக்கு, எங்களுக்கில்லையோ அக்கா?"
எந்த வீதியில் நின்றேன், எத்தனை மணித்தியாலம்,
ஒன்றும் தப்பவில்லை.
எதற்கு நின்றேன் என்று மட்டும் தெரியாது.
கையில் பிடித்திருந்த படத்தைச்
செய்மதி காணாதாம்.

பிறகுதான் சொன்னாள்,
அடுத்த பேருக்குப் போகிற அவசரத்தில்:
"தம்பி என்று ஒரு இலக்கம் போட்டிருக்கிறியள்.
எடுத்தார். பதினாலு விநாடி.
ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்."

பத்தாம் ஆண்டு, ஆவணி, ஒரு மத்தியானம்
அந்த இலக்கத்திலிருந்து ஒரேயொரு முறை வந்தது.
மூச்சு மட்டும்.
'தம்பியோ' என்றேன். அறுந்தது.
பிறகு நான் எடுக்க எடுக்க
பாவனையில் இல்லை என்று
மூன்று மொழியில் ஒரு பெண்.
ஆறு போன் மாறியும் அந்தப் பேரைக்
கையால்தான் ஏற்றினேன்.
ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன்.
பொலிசுக்கு. வெள்ளைவேட்டிக்காரருக்கு,
தேர்தலுக்குத் தேர்தல்.
ஒருத்தரும் ஒருக்காலும்
அதை அமத்திப் பார்க்கவில்லை.

இருபதாயிரத்துக்காக அமத்தியிருக்கிறார்கள்.

தெரியும் எனக்கு. பழைய இலக்கத்தைக் கொம்பனி
புது ஆளுக்கு விற்கும். காலியிலோ கண்டியிலோ
மேசன் வேலை செய்கிற ஒருவன்
சாந்துக் கையோடு எடுத்திருப்பான்,
பாஷை விளங்காமல் வைத்திருப்பான்.
தெரியும். என்றாலும் கேட்டேன்:

"பிள்ளை, குரல் கேட்டதோ? இருமினவரோ?
பின்னாலை கடல் கேட்டதோ, சனமோ,
கம்பிக்கதவோ?
இப்ப ஆரின்ர பேரில இருக்கு அது?
உங்கட மெசினில எல்லாம் இருக்குமே, பாத்துச் சொல்லு.
தவணையை ரெண்டாய்க் கட்டுறன்."

விசைகள் தட்டுப்பட்ட சத்தம்.
பிறகு தட்டுப்படாத சத்தம்.
அவளிடம் இருந்தது. இருந்ததால்தான்
அவ்வளவு நேரம்.

"மன்னிக்கவும். மூன்றாம் ஆளின் விபரத்தைத்
தர இயலாது. அது அவருடைய அந்தரங்கம்.
அதைக் காப்பது எமது கடமை."

பாடமாக்கின குரல்.
நல்லது, காக்கட்டும்.
என் மச்சாளின் கோபம், நான் போன பஸ்,
கடைக்காரன் எண்ணித் தந்த சில்லறை,
எல்லாம் காத்து வைத்திருக்கிறார்கள்.
அவற்றோடு ஒரு பெட்டகத்தில்
அந்தப் பதினாலு விநாடியும்.

நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.
இரண்டு பேர் மூச்சும்
கம்பியில்லாமல் போய் வந்தது.

"அக்கா," என்றாள், தன் குரலில், மெல்ல,
"கதையாதேங்கோ. இது பதிவாகுது."