எர்ணாவூர், இலை எண் ஆறு

கண்டெய்னர் லாரிகள் நகராத பிற்பகல்.
சக்கரத்துக்கும் தடுப்புச்சுவருக்கும் நடுவே
உள்ளங்கை அகல மண்ணில்
குப்பைமேனி.
கிள்ளிய விரலில் கரி.

ஆய்வகத்தில் பிளேடால் சீவிப் பார்த்தேன்.
கல்லூரித் தோட்டத்துச் செடியைவிட
மேல்தோல் தடிப்பு.
இலைத்துளைகள் சிறுத்து, நெருங்கி,
பாதியில் புகை அடைத்து.
எண்ணினேன்;
நாற்பத்தேழில் தடுமாறி
மறுபடி ஒன்றிலிருந்து.

"இதப் போயி எதுக்கும்மா பறிக்கிற?"
தண்ணீர் பாக்கெட் விற்கும் தேசப்பன் கேட்டார்,
மூக்கில் கட்டிய துண்டை இறக்காமலே.
பத்தொன்பது வருஷமாம்
இதே லாரி வரிசையில்.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி:
'சேகரித்த இடத்தில் கண்ட பிற உயிரினங்கள்.'

பேனா மூடியைக் கடித்தபடி யோசிக்கிறேன்.
பல்லில் நறநறவென்று
ஏதோ.