ஓரத்தில் எழுதியது

அவுர்கென் என்ற புனிதையிடமிருந்து
எங்கள் மடத்துக்கு மிஞ்சியவை:
சொத்தை விழுந்த ஒரு கடைவாய்ப் பல்,
பகலும் இரவும் சமமாகும் மாதத்தில்
கடல் வெகுதூரம் வற்றும் ஒரு திருநாள்,
பெயர்.
மற்றதெல்லாம் வடக்கத்திக் கப்பல்கள் வந்த வருடம்
கூரையோடு எரிந்தது.

மடாதிபதி கட்வோரெட்
ஏழு கன்றுகளின் தோலை என் மேசையில் போட்டார்.
"அறுவடைக்குள் ஆயர் வருகிறார். சரிதை எழுது.
சரிதை இல்லாதவளின் விளக்குக்கு
அவர் எண்ணெய் தரமாட்டார்."
ஒன்றும் தெரியாதே என்றேன்.
"கடன் வாங்கு" என்றார்.

வாங்கினேன்.
ஒரு புனிதையிடம் அரசனான தகப்பனை,
இன்னொருத்தியிடம் அவள் வேண்டாமென்ற மாப்பிள்ளையை,
மூன்றாமவளிடம், ஆற்றை அடைத்துக் கிடந்த பாம்பை.
பாம்பு பெரிது.
எங்கள் ஓடைக்குத் தக்கபடி குறுக்கினேன்.

தோல் பதனிட உப்பு தீர்ந்த அன்று
அளத்துக்குப் போனேன்.
முழங்கால் சேற்றில் நின்று பாத்தியை வாரிக்கொண்டிருந்த
ப்ரோஸ்லோன் நிமிரவேயில்லை.
"பல் உங்களிடமா இருக்கிறது?
எங்களிடம் அவள் வாய் இருக்கிறது."

பாறைமேல் கடற்பாசி வேய்ந்த குடிசை.
மூடுபனி இறங்கினால் வெளியே வருவாள்.
விளக்கு எடுக்கமாட்டாள், பனியில் விளக்கு எதற்கு?
விரிசல் விட்ட கொப்பரையைக் கட்டையால் அடித்து
மணலைக் கடக்கிறவர்களைப் பார்த்துக் கத்துவாள்:
இடது பக்கம், கழுதைக்குப் பிறந்தவனே,
இடது பக்கம்!
ஓதம் திரும்புகிற வரைக்கும்,
சிலசமயம் விடிகிற வரைக்கும்.

அவள் செபம் சொல்லி யாரும் கேட்டதில்லை.
அவள் ஆட்டைத் திருடிப் போன த்ரிவலோனும்
ஒருநாள் அந்தப் பனியில் மாட்டினான்.
பெயர் சொல்லி, அவன் அப்பன் பெயர் சொல்லி,
ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியபடியே
அடியடியாய்க் கரைக்குக் கொண்டுவந்தாள்.
பிறகு ஆட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

தொண்டை வீங்கிச் செத்தாள்.
திருநாளில் நாங்கள் வற்றத்தில் இறங்கி
கடலைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்வோம்,
குழந்தைகள்கூட, என்றாள் ப்ரோஸ்லோன்.
உப்புக்குக் காசு சரியாக எண்ணி வாங்கிக்கொண்டாள்.

இரவு, மாப்பிள்ளை அழுகிற பக்கத்தில்
என் இறகு நின்றது.
நடுப்பத்தியில் கைவைக்கத் துணிவில்லை.
ஓரத்தில், எறும்பளவு எழுத்தில்,
கொப்பரை, ஆடு, வசவு,
எல்லாவற்றையும் எழுதினேன்.
பக்கம் பக்கமாக, ஓரம் முழுக்க.

ஆயர் வந்தார். பாம்பு செத்த இடத்தில்
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
மூன்று சாடி எண்ணெய்.

பிறகு ஏடு ஹேலோகரிடம் போனது,
கட்டுவதற்கு.
அவன் ஒழுங்குக்காரன்.
விளிம்புகளை நேராக நறுக்கினான்.
தோல் சீவலை எந்தக் கட்டுநரும் வீணாக்கமாட்டான்:
சட்டியிலிட்டு நாள்முழுக்கக் கொதிக்கவைத்தான்,
பசையாகும் வரை.
அந்தப் பசையால்தான் முதுகை ஒட்டினான்.

அரசனும் மாப்பிள்ளையும் குறுகிய பாம்பும்
இன்றைக்கும் உதிராமல் இருக்கிறார்கள்.

அவள் திருநாள் காலையில்
பாடவேண்டிய இடத்தில் எனக்குக் குரல் எழவில்லை.
முந்தின இரவு சமையற்கட்டுக் கொப்பரை
எங்கே போயிற்று என்று
சமையற்காரர் தேடிக்கொண்டிருந்தார்.
"தொண்டைக்கு என்ன?" என்றார் கட்வோரெட்.

பனி, என்றேன்.